அணிந்தவள் பார்க்காத பக்கம்

அத்தியாயம் 19

காட்சிக்கூடத்திலிருந்து வந்த கடிதத்தைப் பெரியவள் மூன்று முறை படித்ததையும், நான்காவது முறை கணவரிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னதையும் போன வாரம் பார்த்தோம். அதற்குப் பிறகு அந்த வீட்டில் வேறு பேச்சே இல்லை. பதினைந்து வருடமாக வெள்ளித் தகட்டை அடித்து வளைத்து, சிற்பம் போலத் தோளணியும் கழுத்தணியும் செய்கிறவள் அவள். "இதைப் போட்டுக்கிட்டு எப்படிம்மா படுக்கிறது?" என்று கேட்காத உறவினர் கிடையாது. இப்போது நகரத்தின் பெரிய காட்சிக்கூடமே அவளுடைய படைப்பு ஒன்றைக் கேட்டு வாங்கியிருக்கிறது. நடுவர்களுக்குப் பிடித்துவிட்டால் அங்கேயே நிரந்தரமாக வைத்துக்கொள்வார்கள். அப்புறம் உறவினர்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு போய்த்தான் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும்.

இன்று மாலை ஆறு மணிக்குத் திறப்பு. காலை பத்து மணிக்கே, ஒத்திகைக்காகத் தங்கை சின்னவள் காட்சிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தாள்.

சின்னவள் ஒரு பிசியோதெரபிஸ்ட். ஊராருடைய தோளையும் முதுகையும் சரிசெய்வது அவள் பிழைப்பு. தன்னுடைய தோளை மட்டும் அக்காவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டாள். பெரியவள் எதைத் தொடங்கினாலும் முதலில் தங்கையின் தோளில் மாவுக்கட்டுப் போட்டு அச்சு எடுப்பாள். கட்டு இறுகும் வரை அரை மணி நேரம் அசையக் கூடாது. அப்புறம் அந்த அச்சின் மேல்தான் தகட்டைக் காய்ச்சி, அடித்து, வளைத்து, மறுபடி காய்ச்சி அடிப்பதெல்லாம் நடக்கும்.

பட்டறை அலமாரியில் சின்னவளின் தோள்கள் மட்டும் ஏழு இருக்கின்றன. அந்த நகைகள் வேறு யாருக்கும் உட்காராது. சின்னவள் ஒரு கிலோ ஏறினால் பெரியவளுக்குச் சாப்பாடு இறங்காது. வீட்டில் அவளுக்குப் பட்டப்பெயரே பொம்மை.

"வந்துட்டியா பொம்மை. நேத்து என்ன சாப்பிட்டே?"

"பட்டினிதான். பயப்படாதே, மாட்டிப் பாரு."

பெரியவள் பெட்டியைத் திறந்து தோளணியை எடுத்தாள். முதுகில் ஒட்டிக்கொள்ளும் அகலமான வெள்ளித் தகடு. அதிலிருந்து ஐந்து பட்டைகள் கிளம்பி இடது தோளைத் தாண்டி முன்பக்கம் வந்து, கழுத்தெலும்பின் மேல் வளைந்து நிற்கும். தூரத்திலிருந்து பார்த்தால் ஏதோ விலா எலும்பு மாதிரி இருக்கும். பக்கத்தில் வந்தால் பின்னாலிருந்து யாரோ தோளில் கை வைத்தது போல இருக்கும். வீட்டில் அதற்குப் பெயர் அப்பா கை.

அப்பா போய் நான்கு வருடமாகிறது. மருத்துவமனையில் கடைசி நேரத்தில் உடன் இருந்தவள் சின்னவள். அவள் கையைப் பிடித்துக்கொண்டேதான் அவர் போனார். இது அம்மா சொல்லும் கதை. அம்மா இந்தக் கதையைச் சொல்லாத ஆள் அந்தத் தெருவில் பாக்கியில்லை. பல் மருத்துவரிடம் வாயைத் திறந்து வைத்துக்கொண்டே சொல்லியிருக்கிறார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதனால் பெரியவள் இந்தத் தோளணியைச் செய்து முடித்தபோது யாரும் விளக்கம் கேட்கவில்லை. அம்மா அந்த ஐந்து பட்டைகளையும் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துவிட்டு உள்ளே போய் அழுதார். சின்னவள் அதை எத்தனையோ கூட்டங்களுக்குப் போட்டுக்கொண்டு போயிருக்கிறாள். அறுநூறு கிராம் கனம் அவளுக்குப் பாரமாகவே தெரிந்ததில்லை. அப்பா பின்னால் நிற்கிறார் என்றுதான் அவள் நினைத்துக்கொள்வாள்.

அந்த நினைப்புக்கு இன்று காலை பதினொரு மணி வரைதான் ஆயுள்.

காட்சிக்கூடத்தின் பொறுப்பாளர் ஐம்பது வயது அம்மாள். குட்டை முடி, கறுப்புச் சட்டை, நகை என்று ஒரு குண்டுமணி கூட உடம்பில் இல்லை. ஆறு கலைஞர்களையும், அவர்களுடைய நகையை அணிந்து நிற்கப்போகும் ஆறு பேரையும் மேடையில் வரிசையாக நிறுத்தினார்.

"வர்றவங்ககிட்ட நான் ஒண்ணுதான் சொல்லப்போறேன். முதல்ல நகையைப் பார்க்காதீங்க. போட்டிருக்கிறவங்க எப்படி நிக்கிறாங்கன்னு பாருங்க. சாதாரண நகை உடம்பை அழகா காட்டும். இந்த மாதிரி நகை உடம்பை ஏதோ பண்ணும். என்ன பண்ணுதுன்னு புரிஞ்சா நகை புரிஞ்ச மாதிரி."

அவர் சின்னவளிடம் வந்து நின்றார்.

"இவங்களைப் பாருங்க. இடது தோள் கொஞ்சம் இறங்குது. பட்டை இடிக்கிறதால கழுத்தை இடப்பக்கம் திருப்ப முடியலை. எதையோ விட்டுட்டு ஓடி வந்தவங்க திரும்பிப் பார்க்கப் பயப்படற மாதிரி ஒரு நிலை. ரொம்ப யோசிச்சுச் செஞ்சிருக்காங்க."

சின்னவளுக்குச் சிரிப்பு வந்தது. "இல்லை மேடம். இது எங்க அப்பா கை. தோள்ல கை போட்டுட்டு நிக்கிறார்."

பொறுப்பாளர் குழம்பிப்போய் அவளைப் பார்த்தார். "அப்படியா? உங்க அக்கா எழுதிக் குடுத்ததுல வேற மாதிரி இருக்கே."

கையிலிருந்த துண்டுப் பிரசுரக் கட்டிலிருந்து ஒன்றை உருவிக் கொடுத்தார். ஒவ்வொரு கலைஞரும் தன் படைப்பைப் பற்றிப் பத்து வரி எழுத வேண்டும் என்பது அந்தக் கூடத்தின் வழக்கம். வருகிறவர்கள் கையில் ஆளுக்கு ஒன்று கொடுப்பார்கள். மேடையில் கலைஞரே அதை வாசிக்கவும் வேண்டும்.

சின்னவள் முதலில் தலைப்பைப் பார்த்தாள். 'பன்னிரண்டு நிமிடம்' என்று போட்டிருந்தது.

அதற்குக் கீழே இப்படி இருந்தது.

'ஒருத்தி தன் தந்தையின் படுக்கையருகே காவல் இருந்தாள். பன்னிரண்டு நிமிடம் மட்டும் வெளியே போனாள். தேநீர் குடித்தாள். தொலைபேசியில் தோழியிடம் சிரித்துப் பேசினாள். திரும்பி வந்தபோது அவர் இல்லை. கையைப் பிடித்திருந்தாயா என்று தாய் கேட்டாள். அவள் தலையை ஆட்டினாள். இது அந்தக் கை. யாரும் பிடிக்காத கை. அணிந்தவள் இதைப் பார்க்க முடியாது. மற்ற எல்லோரும் பார்க்கலாம்.'

சின்னவள் அதை ஒரு முறைதான் படித்தாள். இரண்டாவது முறை படிக்கத் தேவையில்லை, அதில் இருந்த ஒவ்வொரு சொல்லும் அவள் சொன்னதுதான்.

மூன்று வருடத்துக்கு முன்னால் இந்தத் தோளணிக்காக அச்சு எடுத்த அன்று சொன்னது. மாவுக்கட்டு இறுகிக்கொண்டிருந்தது, அசைய முடியாது, அக்கா முதுகுப்பக்கம் நின்று ஈரத் துணியால் ஓரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். முகம் பார்க்காமல் பேசுவது சுலபமாக இருந்தது. ஒரு வருடமாக நெஞ்சை அடைத்துக்கொண்டிருந்ததைக் கொட்டித் தீர்த்தாள். அக்கா துடைப்பதை நிறுத்தவில்லை. கடைசியில், "சரி, விடு. என்னோட இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னாள்.

என்னோட இருக்கட்டும் என்றவள் முந்நூறு பிரதி அச்சடித்திருக்கிறாள்.

சின்னவள் அக்காவைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக மேடைக்குப் பின்னாலிருந்த அறைக்கு அழைத்துப் போனாள். மரப்பெட்டிகளும் பொருள்களைச் சுற்றும் காற்றுக்குமிழ்த் தாளும் இறைந்து கிடந்த அறை. பெரியவள் தங்கையின் கையிலிருந்த தாளைப் பார்த்தாள். முகம் வெளுத்தாலும் கண்ணைத் தாழ்த்தவில்லை.

"பேரு எதுவும் போடலையே, ஒருத்தின்னுதான் எழுதியிருக்கேன்."

"ஒருத்தின்னா யாரு? பக்கத்து வீட்டுக்காரியா? நான் மேடையில இதை மாட்டிக்கிட்டு நிக்கப்போறேன். எல்லார் கையிலயும் இந்தக் காகிதம் இருக்கப்போகுது."

"வர்றவங்களுக்கு நீ யாருன்னே தெரியாதுடி. அவங்களுக்கு நீ போட்டுக் காட்டற பொண்ணு, அவ்வளவுதான்."

"அம்மாவுக்குத் தெரியும் இல்லை?"

பெரியவள் பதில் சொல்ல ஒரு பெட்டியின் மூடியை எடுத்து மூட வேண்டியிருந்தது. "அம்மா இதெல்லாம் படிக்க மாட்டாங்க. சின்ன எழுத்து. நான் வாசிக்கிறப்ப அந்த இடத்தைக் கொஞ்சம் முழுங்கி வாசிச்சிடறேன்."

"முழுங்கறதா? அம்மா இருபத்தெட்டு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல இருந்தவங்க. கரகரன்னு கேக்கற லைன்லயே ஒரு எழுத்தை விட மாட்டாங்க."

பெரியவள் மூடியைத் திறந்து மறுபடி மூடினாள்.

"ஏன்க்கா எழுதினே? அப்பா கைன்னே எழுதியிருக்கலாமே. எல்லாருக்கும் பிடிச்சிருக்குமே."

"அது பொய்டி." பெரியவளின் குரல் இப்போதுதான் உயர்ந்தது. "பொய்யை வச்சுக்கிட்டு எனக்குச் சுத்தியல் ஓடலை. மூணு தடவை அடிச்சு மூணு தடவை உருக்கினேன். ஆறுதலான கையா செஞ்சா அது கடையில விக்கிற பொருள் மாதிரி வந்துச்சு. நீ சொன்னதை நினைச்சுக்கிட்டு அடிச்சப்பதான் உருவமே வந்துச்சு. நீ இறக்கி வச்சுட்டு லேசாயிட்டே. அடுத்த நாளே உனக்குத் தூக்கம் வந்துச்சுன்னு நீயே சொன்னே. நான் மூணு வருஷமா தூக்கிட்டுத் திரியறேன். அம்மா ஒவ்வொரு தடவை அந்தக் கதையைச் சொல்றப்பவும் நான் பக்கத்துல உக்காந்து தலையாட்டணும். இதை நான் எங்கே கொண்டு போய் வைப்பேன்?"

"என் முதுகுல வச்சுட்டே."



ஒன்று சொல்ல வேண்டும். பெரியவள் சொன்னதில் உண்மை இருக்கிறது. இருந்தாலும் எனக்கு அவள் மேல் ஆத்திரம்தான் வருகிறது. இத்தனை நியாயம் வைத்திருப்பவள் அச்சகத்துக்கு அனுப்புவதற்கு முன்னால் தங்கையிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. கேட்டால் வேண்டாம் என்பாள் என்று தெரிந்துதான் கேட்கவில்லை. நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்று சொல்வார்களே, அதற்கு வேறு அர்த்தம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

"வேற யாருக்கு இது தெரியும்?" என்று சின்னவள் கேட்டாள்.

"யாருக்கும் தெரியாது. நீ, நான், அச்சகம்."

"கழட்டு இதை."

பெரியவள் பின்னால் வந்து கொக்கிகளை விடுவித்தாள். சின்னவள் கைப்பையை எடுத்துக்கொண்டு போவதைப் பார்த்து, "ஆறு மணிக்கு வருவே இல்லை?" என்று கேட்டாள். மிரட்டலாக இல்லை, கெஞ்சலாகத்தான் கேட்டாள். சின்னவள் வராவிட்டால் தோளணி கண்ணாடிப் பெட்டிக்குள்ளேயே இருக்கும். உடம்பில் ஏற்றாத படைப்பை நடுவர்கள் பரிசீலிக்க மாட்டார்கள் என்பது விதி. பதினைந்து வருட உழைப்பு ஒரு தோளை நம்பி நின்றது.

சின்னவள் வெளியே போய்விட்டாள்.

காட்சிக்கூடத்துக்கு எதிரே பேருந்து நிறுத்தம். அதில் உட்கார்ந்து ஐந்தாறு பேருந்துகளை விட்டாள். வீட்டுக்குப் போய்விடலாம் என்று நினைத்தாள். போனால் அக்காவின் வாய்ப்பு போகும், ஆனால் அந்தக் காகிதம் போகாது. அம்மா வந்து முதல் வரிசையில் உட்காருவார். வாசலிலேயே கையில் ஒன்றைத் திணிப்பார்கள். அதைத் தடுக்க ஒரு வழிதான் இருந்தது.

அம்மா இந்த மூன்று மாதமாகப் பெரியவள் வீட்டில் இருக்கிறார். அடுத்த மூன்று மாதம் சின்னவள் வீடு. அப்பா போனதிலிருந்து இப்படித்தான் மாறி மாறி ஓடுகிறது. சின்னவள் அவருக்கு அழைத்தாள்.

"அம்மா, சாயங்காலம் நீ வர வேணாம். ஒரே கூட்டமா இருக்கும். உனக்குக் கால் வேற வலிக்குது."

"என்ன பேச்சு இது? நான் காலையிலேயே புடவை எடுத்து வச்சுட்டேன். மாப்பிள்ளை அதுக்கு இஸ்திரி கூடப் போட்டுட்டார், ஒரு ஓரத்துல லேசா தீஞ்சிருக்கு, பரவாயில்லை, மடிப்புல மறைஞ்சிடும்."

"அம்மா, நான் சொல்றதைக் கேளு."

"நீ கேளு. கீழ் வீட்டு டீச்சரையும் வரச் சொல்லியிருக்கேன். இப்பதான் அவங்ககிட்ட உக்காந்து சொல்லிட்டிருந்தேன், எங்க வீட்டுக்காரர் கையை மேடையில ஏத்தப்போறாங்கன்னு. அவர் யாரையும் தேடலை, தவிக்கலை, பெத்த பொண்ணு கையைப் பிடிச்சுக்கிட்டுப் போனார்னு. டீச்சர் கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. எனக்கு வேற என்ன இருக்கு சொல்லு, அந்த ஒரு நினைப்புலதான் நான் ராத்திரி கண்ணை மூடறேன்."

சின்னவள் தொலைபேசியை அணைத்து மடியில் வைத்தாள்.

அப்பா போன அன்று அவள் வாயால் பொய் கூடச் சொல்லவில்லை. அரை மணி கழித்து மூச்சிறைக்க வந்து சேர்ந்த அம்மா, "கையைப் பிடிச்சிருந்தியா?" என்று கேட்டார். அந்த முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல முடியவில்லை, தலை தானாக ஆடியது. அதைத்தான் அம்மா நான்கு வருடமாகக் கதையாக வளர்த்து வைத்திருக்கிறார். இனி அதை உடைப்பதென்றால் காகிதம் உடைக்கக் கூடாது. தானே உடைக்க வேண்டும்.

நான்கரை மணிக்கு அவள் கூடத்துக்குத் திரும்பினாள். பெரியவள் ஓடி வந்தாள். சின்னவள் முகம் கொடுக்கவில்லை.

"உனக்காக வரலை. மாட்டு."

 முதுகுத் தகட்டின் மூன்று கொக்கிகளையும் மாட்டப் பெரியவளுக்கு வழக்கத்தை விட இரண்டு மடங்கு நேரமானது. மாட்டி முடித்ததும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "போ, அம்மா வந்ததும் உன் வீட்டுக்காரரை இங்கே அழைச்சுட்டு வரச் சொல்லு" என்று சின்னவள் அனுப்பிவிட்டாள்.

ஐந்தே முக்காலுக்கு அத்தான் கதவைத் தட்டினார். பெரியவளின் கணவர். நல்ல மனிதர், சண்டை என்றால் துணி உலர்த்தப் போய்விடுவார். மாமியாரை உள்ளே விட்டுவிட்டு, "நான் இடம் போட்டு வைக்கிறேன் அத்தை" என்று நழுவினார்.

அம்மா பளிச்சென்று வந்திருந்தார். கையில் அந்தக் காகிதம் நான்காக மடித்தபடி இருந்தது. இன்னும் பிரிக்கவில்லை.

"எதுக்கு வரச் சொன்னே? பயமா இருக்கா? நேரா நில்லு, தோள் ஒரு பக்கம் சாயுது பாரு."

"அம்மா, உக்காரு."

அம்மா ஒரு மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்தார். சின்னவள் நின்றபடியே சொன்னாள். தேநீர், தொலைபேசி, சிரிப்பு, பன்னிரண்டு நிமிடம், தலையாட்டியது. எதையும் மெழுகவில்லை, அழவும் இல்லை. அக்காவிடம் சொன்னபோது முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னாள். இந்த முறை முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

 வெளியே நாற்காலிகள் இழுபடும் சத்தம் கேட்டது.

"தனியாவா இருந்தார்?" என்றார் அம்மா.

"ஆமாம்மா."

"கூப்பிட்டிருப்பாரோ?"

"தெரியலைம்மா. சத்தம் எதுவும் கேக்கலைன்னு நர்ஸ் சொன்னாங்க."

அம்மா கையிலிருந்த காகிதத்தைப் பிரித்தார். கைப்பையில் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, ஒரு எழுத்து விடாமல் படித்தார். பெரியவள் நம்பிக்கொண்டிருந்த சின்ன எழுத்து அவ்வளவுதான்.

"இது பெரியவ எழுதினதா?"

"ஆமா."

"அவளுக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"மூணு வருஷமா."

அம்மா காகிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்தார். எழுந்தார். மகளின் தோளில் இருந்த வெள்ளியை அவர் தொடவில்லை. "சரி. நேரமாச்சு, போய் நில்லு" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

சின்னவளுக்குத் திகைப்பாக இருந்தது. அடி விழும் என்று கண்ணை மூடிக் காத்திருந்தவளை யாரோ தள்ளி நில் என்று மட்டும் சொன்னது போல இருந்தது. ஒருவேளை அம்மா மன்னித்துவிட்டாரோ என்று கூட அவளுக்கு ஒரு நப்பாசை வந்தது. சொல்லியிருக்க வேண்டியது எப்போதோ என்று தன்னையே நொந்துகொண்டாள்.

ஆறே காலுக்குப் பெரியவளின் முறை வந்தது. சின்னவள் மேடையின் நடுவில் நின்றாள். விளக்கு இடது தோளில் விழுந்தது. பொறுப்பாளர் காலையில் சொன்னதையே சபைக்குச் சொன்னார். முதலில் நகையைப் பார்க்காதீர்கள், நிற்கிறவரைப் பாருங்கள். முந்நூறு பேர் சின்னவளைப் பார்த்தார்கள். அவள் முதல் வரிசையை மட்டும் பார்த்தாள். அம்மாவுக்கு ஒரு பக்கம் கீழ் வீட்டு டீச்சர் உட்கார்ந்திருந்தார். மறுபக்கம் அத்தான் போட்டு வைத்த நாற்காலி காலி, அவர் வாசலருகே போய் நின்றுகொண்டார்.

பெரியவள் ஒலிவாங்கியைப் பிடித்து வாசித்தாள். எந்த இடத்தையும் விழுங்கவில்லை. விழுங்கத்தான் நினைத்தாள், அம்மா மடியில் பிரித்து வைத்த காகிதத்தோடு ஒவ்வொரு வரியாகத் தொடர்ந்து வருவதைப் பார்த்ததும் அவளால் முடியவில்லை. டீச்சர் தன் காகிதத்தைப் பார்த்தார், மேடையைப் பார்த்தார், அப்புறம் மெல்லத் தலையைக் குனிந்துகொண்டார்.

கைதட்டல் அடங்கியதும், "கேள்வி இருந்தா கேக்கலாம்" என்றார் பொறுப்பாளர்.

ஒருவர் எழுந்து இதைத் தினமும் அணிய முடியுமா என்று கேட்டார். சின்னதாகச் சிரிப்பு எழுந்தது. முடியாது, அணியும்போது நினைவு இருக்க வேண்டும் என்பதற்காகவே செய்தது என்று பெரியவள் பதில் சொன்னாள். அடுத்து முதல் வரிசையில் ஒரு கை உயர்ந்தது.

அம்மா எழுந்தார். ஒலிவாங்கியைக் கொண்டு வந்து கொடுத்தார்கள். எக்ஸ்சேஞ்சில் இருபத்தெட்டு வருடம் முகம் தெரியாதவர்களிடம் பேசிய குரல் அது. பதமான, மரியாதையான, யாருக்கும் சொந்தமில்லாத குரல். அந்தக் குரலில் அம்மா தங்களிடம் பேசி மகள்கள் இருவரும் ஒருநாளும் கேட்டதில்லை.

"வணக்கம். எனக்கு ஒரு சின்ன சந்தேகம். இதுல ஒரு அம்மா வர்றாங்க இல்லையா, கையைப் பிடிச்சிருந்தியான்னு கேட்டவங்க. அவங்க இப்ப இருக்காங்களா?"

பெரியவள் ஒலிவாங்கியை இரண்டு கையாலும் பிடித்தாள். "இருக்காங்க."

"அப்ப அவங்க, வீட்டுக்காரர் பொண்ணு கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் போனார்னு பார்க்கறவங்ககிட்டயெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சிருப்பாங்க."

"ஆமா."

"அவங்க சொல்றப்ப நீங்க எங்கே இருந்தீங்க?"

"பக்கத்துலதான் இருந்தேன்."

"ஒண்ணும் சொல்லலையா?"

"இல்லை." பெரியவளின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. "தலையாட்டிக்கிட்டு இருந்தேன்."

"அந்தப் பொண்ணும்?"

"அவளும்."

"சரிங்க. பொண்ணு பன்னிரண்டு நிமிஷம் வெளியே போனதை யாரும் குத்தம் சொல்ல முடியாது. மனுஷங்கன்னா தேநீர் குடிப்பாங்க. அந்த அம்மாவை நாலு வருஷம் கோமாளி ஆக்கி வச்சீங்களே, அதுக்கு ஏதாவது நகை செஞ்சிருக்கீங்களான்னு கேக்க வந்தேன். வேற ஒண்ணும் இல்லை. நன்றி."

ஒலிவாங்கியைத் திருப்பிக் கொடுத்தார்.  அப்புறம் யாரோ கைதட்டினார்கள், எல்லோரும் தட்டினார்கள். இது முன்கூட்டியே பேசி வைத்த நிகழ்ச்சி என்று பாதிப் பேர் நினைத்தார்கள். "இதைத்தான் நான் எதிர்பார்த்தேன், ஒரு படைப்பு சபையை இப்படிப் பேச வைக்கணும்" என்று பொறுப்பாளர் பூரித்துப்போனார். நடுவர் மூவரும் மும்முரமாக எழுதிக்கொண்டிருந்தார்கள்.

அம்மா நடுப்பாதை வழியாக வாசலை நோக்கி நடந்தார். "அம்மா" என்று சின்னவள் மேடையிலிருந்து கூப்பிட்டது கைதட்டலில் யார் காதிலும் விழவில்லை.

வாசலருகே அத்தான் நின்றிருந்தார். அவரும் தட்டத் தெரியாமல் ஒரு முறை தட்டிவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தார்.

"போகலாமா அத்தை? வண்டி பக்கத்துலதான் நிக்குது."

அம்மா அவரை ஏறிட்டுப் பார்த்தார். இத்தனை நேரம் இறுகியிருந்த முகம் இப்போதுதான் கொஞ்சம் தளர்ந்தது. இருபது வருடப் பழக்கம், ஒரு நாள் முகம் சுளித்ததில்லை, இன்று காலை புடவைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்த பிள்ளை.

"உங்களுக்காவது இது தெரியாதில்லை மாப்பிள்ளை?"

பெரியவளுக்குக் கணினியில் தமிழ் அடிக்க வராது. அந்தப் பத்து வரியையும் அடித்து, பிழை திருத்தி, அச்சகத்துக்கு அனுப்பி வைத்தது அவர்தான்.

அத்தான் வாயைத் திறந்தார். தெரியாது என்று ஒரு சொல் சொன்னால் போதும். அது வரவில்லை. அவர் தன் செருப்பைப் பார்த்தார்.

அம்மா காத்திருந்தார். பதில் சொல்ல அவருக்கு நிறையவே நேரம் கொடுத்தார். அப்புறம் கைப்பையைத் திறந்து இரண்டு சாவிகளை எடுத்தார். ஒன்று பெரியவள் வீட்டுச் சாவி, இன்னொன்று சின்னவள் வீட்டுச் சாவி. இரண்டையும் அவருடைய உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கி மூடிவிட்டு, படி இறங்கித் தெருவுக்குப் போனார்.